அவர் திருப்பிக் கொடுத்த பூட்ஸ்

பெருங்களத்தூரில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருப்பவர் பொய் சொல்கிறார். அவர் விற்கிற ட்ரவுட் மீன் பிடிக்கிற செட்டின் பெட்டி மேல் ஒரு மனிதரின் முகத்தையும் பெயரையும் போட்டு, கீழே ‘இவர் சோதித்துப் பார்த்தது’ என்று அச்சடித்திருக்கிறார். பெட்டிக்குள் தூண்டில் கழியாக ஒரு ராடு, வீசுவதற்கு ஒரு லைன், அதைச் சுற்ற ஒரு ரீல், ஓடையில் இறங்கி நடக்க ஒரு ஜோடி பூட்ஸ். அந்த பூட்ஸை அந்த மனிதர் சோதித்துப் பார்த்தது வாஸ்தவம். பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த மனிதர் இப்போது இல்லை. போன மழைக்கு முந்தின மழையில் நெஞ்சு வலித்து இறந்துபோனார். உயிரோடு இருந்தால் கடை வாசலில் நின்று அவரே கத்தியிருப்பார். அவர் முகத்தை ஒருவர் விற்றுக்கொண்டிருக்கும்போது, அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும். பெயர் போடப்போவதில்லை. பெயரும் முகமும் போதுமான அளவு பெட்டியில் இருக்கின்றன.

நான் வேன் ஓட்டுகிறவன். பீர்க்கன்கரணையில் அவர் வீட்டுக்கு எதிர் வீடு. அவர் பல்லாவரம் பக்கம் ஏற்றுமதிக்கு ஷூ செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தார். வேலையே குற்றம் கண்டுபிடிப்பதுதான். ஒரு ஷூவை எடுத்து மடக்குவார், திருகுவார், அடியைப் பிடித்து இழுப்பார், நாற்றம் பார்ப்பார். பிடிக்காவிட்டால் ‘ரிஜெக்ட்’ என்று கூடைக்குள் வீசுவார். சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் ஐந்தரை மணிக்கு இதை நிறுத்திவிடுவார்கள். இவர் நிறுத்தவில்லை.

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு முண்டிக்கொண்டிருந்தபோது, இவர் வாசலில் குந்தி உட்கார்ந்து செருப்புக் குவியலில் ஒவ்வொன்றாக எடுத்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார்.

“யோவ், இன்னாயா பண்ற செருப்பாண்ட?”

“உன்துதா இது? பசை வுட்டுச்சு. மழைக்கு முன்னாடி மாத்திடு.”

“திருட வந்துட்டு வைத்தியம் பாக்கறியா?”

நான் போய் விலக்கிவிட்டேன். இவருக்கு வெட்கமே இல்லை. சாப்பிடும்போதும், “அந்தாளு வழுக்கி வுயப்போறான் பாரு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

புது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினால் முதலில் தான் ஏறி நிற்பார். ஒருமுறை அது உடைந்து கீழே விழுந்து முழங்கையில் தையல் போட்டார்கள். மருத்துவமனையில், “நல்லவேள, நான் ஏறுனேன். மாமியார் உக்காந்திருந்தா?” என்றார். புதுக் குடையைக் குளியலறை ஷவரின் கீழ் விரித்துவைத்து, தான் வெளியே உட்கார்ந்து காபி குடிப்பார். நான் வேன் புதிதாக எடுத்து மாலை போட்டு நிறுத்தியபோது வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை.

“பிரேக்கு பாத்தியா?”

“கம்பெனியில பாத்துத்தான் அனுப்பிச்சிருப்பாங்கண்ணே.”

“கம்பெனிக்காரன் உன்கூட வண்டில வரப்போறானா?”

சக்கரத்தை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றின கையோடு ஏரிக்கரை இறக்கத்தில் என்னை நாலு தரம் பிரேக் போடவைத்தார். மாலை பிய்ந்து விழுந்தது.

எல்லாம் வேடிக்கையாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் என்னிடம், வீட்டை விற்கப்போகிறேன், யாரிடமும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து, “வூட்டயெல்லாம் விக்கலபா. உன் வாய் எவ்ளோ தாங்கும்னு பாத்தேன்” என்று சிரித்தார்.

“நான் இன்னா செருப்பாண்ணே?” என்று கேட்டுவிட்டு வெகுநாள் பேசாமல் இருந்தேன். மனிதர்களை மடக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காதான் சமாதானம் செய்தார். “பொண்ணுக்கு மாப்ள பாத்தப்போ அந்தப் புள்ளய மட்டும்தான் தண்ணில ஊறவெச்சுப் பாக்க முடியாம போச்சு அவருக்கு. உன்ன வுட்டுருவாரா?” என்றார். சிரித்துத் தொலைத்தேன்.

மீன் பிடிக்கிற கிறுக்கு அவருக்கு முதலிலிருந்தே உண்டு. ஏரியில் தூண்டில் போட்டு ஜிலேபி மீன் பிடிப்பார். வேலையை விட்ட பிறகு செல்போனில் எதையோ பார்த்து, நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் பிடிக்கிற ஆசை வந்தது. அதற்குப் புழு வேண்டாம். இறகும் நூலும் வைத்துக் கட்டின பொய்ப் பூச்சியைத் தண்ணீர் மேல் விழவைக்க வேண்டும். பூச்சிக்கு எடையே கிடையாது. அதனால் தடியான லைனின் எடையில்தான் அது பறந்து போகும். லைன் சரியில்லை என்றால் மற்ற எல்லாமும் குப்பை. இதை அவர் என்னிடம் சொன்ன அளவுக்கு வேறு எதையும் சொன்னதில்லை.

பெருங்களத்தூர் கடைக்காரர் அப்போதுதான் இந்தச் சாமான்களை வரவழைக்க ஆரம்பித்திருந்தார். இவர் தினமும் போய் நின்றார். நாலு துண்டாக வருகிற ராடைப் பொருத்தி, ஒரு மணி நேரம் காற்றில் ஆட்டிவிட்டு, பொருத்துகிற இடங்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று விரலால் பார்ப்பார். ரீலை ஏரி மணலில் புரட்டி எடுத்துச் சுற்றுவார். முடிச்சுப் போட்ட தூண்டில் நரம்பில் தண்ணீர் வாளியைக் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டு, காலையிலிருந்து சாயந்திரம்வரை பார்த்துக்கொண்டிருப்பார். முடிச்சு அவிழ்ந்து வாளி அக்கா காலடியில் விழுந்த நாளும் உண்டு.

“மீனு மிஞ்சிப்போனா அர கிலோ கூட இருக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? எதுக்கு இவ்ளோ பெரிய வாளி?”

“மீனு மட்டுமாடி இழுக்கும்? பாற இழுக்கும், மரம் இழுக்கும், நம்ம பதட்டமும்தான் இழுக்கும்.”

இவர் சரி என்று சொன்னதைக் கேட்டுத்தான் தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம்வரை இந்தப் பைத்தியம் பிடித்த ஐந்தாறு பேர் சாமான் வாங்கினார்கள். கடைக்காரருக்கு இது தெரியும். இவர் கடையில் இருந்தால் டீ வரும்.

இனி அவர் செய்த தப்பைச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் இரண்டு லைன்களை எடுத்துப்போய் ஏரியில் வீசிப் பார்த்தார். ஒன்று வழவழவென்று பறந்தது. இன்னொன்று கொழகொழத்து, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு, முப்பது அடிகூடப் போகவில்லை. இரண்டாவதை ரிஜெக்ட் செய்தார். முதலாவது நல்லது என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் அதையே வாங்கினார்கள்.

மழை முடிந்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு என் வேனில் மேலே போனோம். ஓடைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. வழவழவென்று பறந்த அந்த லைன் ரீலை விட்டு வெளியே வந்ததும் பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டுகொண்டது. நீட்டினால் சுருளும், இழுத்துப் பிடித்தால் முறுக்கும். யாராலும் ஒரு வீச்சுகூட ஒழுங்காகப் போட முடியவில்லை. மீன்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றன. எங்களோடு வந்த ஊரப்பாக்கம் சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், “ஃபிஷ் எல்லாம் நம்மள ஆடியன்ஸ் மாதிரி பாக்குது சார். டிக்கெட் போடலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டார். எடுக்கவே இல்லை. விரல் வெளுத்துப்போனது. அப்புறம் சொன்னார், “நம்ம ஏரி வென்னீருபா. வென்னீர்ல பாத்துட்டு ஐஸ் தண்ணிக்கு வாங்கிகினு வந்துகிறேன்.”

நடந்தது அதுதான். அந்த வழவழப்பு வெயில் ஊருக்குச் செய்த லைன். அவர் வீசியெறிந்தது குளிர் தண்ணீருக்குச் செய்தது. வெயிலில் அது இளகத்தான் செய்யும். நாற்பது வருஷம் சாமான் பார்த்தவருக்குத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தண்ணீர் என்றால் அந்தச் சூடுதான்.

வேறு யாராக இருந்தாலும் கம்பெனியைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் ஊருக்கு வந்ததும் குளிக்கக்கூட இல்லை. என்னை வண்டி எடுக்கச் சொல்லி, அந்த லைனை வாங்கின ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். எங்களோடு மலைக்கு வராதவர்கள் வீட்டுக்கும் போனார். வாசலிலேயே நின்று, “நான் நல்லாகீதுன்னு சொன்னேன் இல்ல, அது தப்பு. அத்த எடுத்துகினு மேல போகாதீங்க. ஏரிக்கு வெச்சிக்கங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். பொத்தேரியில் ஒரு பையன் தூக்கக் கலக்கத்தில், “அங்கிள், இத வாட்ஸ்அப்ல போட்டா போதாதா?” என்று கேட்டான். “சொன்னது இந்த வாயால இல்ல?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார். கூட்டம் இருந்தது. நடுவில் நின்று அதையே சொன்னார். கடைக்காரர் முகம் கறுத்துப்போனது.

“அண்ணே, உள்ள வாங்க. மெதுவா பேசிக்கலாம்.”

“நல்லாகீதுன்னு சொன்னப்போ மெதுவாவா சொன்னேன்? அப்போ டீ குட்த்த.”

நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த லைன் ஒன்றுகூட விற்கவில்லை. கடைக்காரர் அதை மறந்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு அவர் மொட்டை மாடியில் ஒரு நீல டிரம் வைத்தார். மீன் மார்க்கெட்டுக்கு வருகிற ஐஸ் பாரை உடைத்துக் கொட்டி, அதில் ஊறவைத்துத்தான் எதையும் பார்த்தார். தெருவில் எல்லோரும், மீனைப் பிடிப்பதற்கு முன்பே ஐஸ் போடுகிற ஒரே ஆள் என்று கிண்டல் செய்தார்கள். அந்த டிரம்மில் குளிர் லைனைப் பார்த்துச் சரி என்றார். ஒரு ராடையும் பார்த்துச் சரி என்றார். கடைக்காரர் தன் யூடியூப் சேனலுக்கு வீடியோ எடுத்தது அந்த ராடைத்தான். அவர் ராடைக் கையில் பிடித்து, “இத்த நம்பி எடுத்துகினு போலாம். நான் பாத்துட்டேன்” என்று சொல்கிறார். மாடியில் நின்று நானும் பார்த்தேன்.

பூட்ஸ் வந்தது அதற்கப்புறம். அக்கா அப்போது ஊரில் இல்லை. பெண்ணின் பிரசவத்துக்காக ஓசூர் போயிருந்தார். கடைக்காரர் ஒரு ஜோடியைக் கொடுத்து, அடியில் கம்பளி ஒட்டியது, வழுக்காது, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். ஷூ என்றால் இவருக்குத் தாய்வீடு. ஐஸ் டிரம்மில் ஊறப்போட்டார். எடுத்து மாடி வெயிலில் காயவைத்தார். மறுபடி ஊறப்போட்டார். “ஓடைல நனையும், அப்பால உன் வேன் டிக்கில வேவும். அதான் இதுக்கு வாழ்க்க” என்றார். சில தரம் இப்படி ஆனதும் இடது காலின் முனையில் அடி வாய் பிளந்தது. கட்டை விரலை உள்ளே விட்டு இழுத்தார். சப்பாத்தி பிரிகிற மாதிரி பிரிந்து வந்தது.

கடையில் மேஜை மேல் வைத்தார். “ரிஜெக்ட்.”

“அண்ணே, ஒரு பீஸ் அப்டி இருக்கும்ணே. போட்டு நடந்து பாருங்க, எவ்ளோ வசதியா இருக்கு!”

“இன்னொரு பீஸ் குடு. அதையும் பாத்துட்டு சொல்றேன்.”

கடைக்காரர் இன்னொரு பீஸ் கொடுக்கவில்லை. மழை பிடித்தது. அண்ணன் செத்துப்போனார்.

இந்த வருஷம் ஊரப்பாக்கம் சாரும் இன்னும் இரண்டு பேரும் மலைக்குப் போக என் வேனை எடுத்தார்கள். சார் புது செட் வாங்கியிருந்தார். பெட்டியை அவர் வீட்டிலேயே போட்டுவிட்டு, சாமானை மட்டும் பையில் கொண்டுவந்திருந்தார். ஓடையைக் கடக்கும்போது ஒரு பூட்ஸின் அடி முழுதாகக் கழன்று தண்ணீரோடு போனது. சார் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. கொஞ்சம் கீழே ஆழமான மடு. அங்கே விழுந்திருந்தால் நான் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பேன். கட்டுப்போட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

“அவர் டெஸ்ட் பண்ணதுன்னு பாக்ஸ்லயே போட்டிருந்தது. அதனாலதான் நான் வேற எதையும் செக் பண்ணல. ஆக்சுவலா எனக்கு அவர் மேல கோவம் இல்ல. ஆனா மனுஷன் இப்டி சொல்லிட்டாரேன்னு இருக்கு.”

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அவர் இதைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொன்னேன். சார் செல்போனை எடுத்து வீடியோவைக் காட்டினார். முதலில் பெட்டி வருகிறது. பூட்ஸ் சுற்றுகிறது. அதன் மேல் அண்ணனின் குரல்: “இத்த நம்பி எடுத்துகினு போலாம். நான் பாத்துட்டேன்.” ராடு பிடித்திருந்த கை தெரியாதபடி படத்தை வெட்டியிருந்தார்கள். முகம் மட்டும் இருந்தது.

ஊரப்பாக்கத்திலிருந்து பீர்க்கன்கரணைக்குச் செய்தி வர அதிக நேரம் ஆகாது. அக்கா என் வீட்டுக்கு வந்தார். அவர் எப்போதும் கேட்டுக்கு வெளியே நின்றே பேசுவார். அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, அந்த சாருக்குக் கை ஒடஞ்சது நெசமா?”

“நெசம்க்கா. ஆனா அது அண்ணன் சொன்ன பூட்ஸ் இல்ல.”

“வீடியோல சொல்றாரே.”

“அது ராடுக்குச் சொன்னது. இத அவர் திருப்பிக் குடுத்தாரு. நான் கூட இருந்தேன்.”

“நீ அவருக்காகப் பேசுவே. எனக்குத் தெரியும். ஆனா அது அவரு கொரல்தானே? நான் அந்தக் கொரல கேக்கறதுக்காகவே அத எத்தன வாட்டி போட்டுப் பாத்துட்டேன் தெரியுமா? கடசில ஒடம்பு சரியில்லாம இருந்தாரு. சரியா பாக்காம சொல்லிட்டாரோ என்னமோ.”

“அவரா? பாக்காமலா?”

“லைன் விஷயத்துல தப்பு பண்ணலயா?”

பண்ணினார். அவர் பண்ணின ஒரே தப்பு ஊருக்கெல்லாம் தெரியும். தெரியப்படுத்தினதே அவர்தான். அதனால்தான் இந்தப் பொய் அவர் மேல் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

“வர்ற ஞாயித்துக்கெழம வண்டி எடு,” என்றார் அக்கா. “ஊரப்பாக்கம் போணும். அப்பறம் அத வேற யார் யார் வாங்கினாங்களோ அவங்க வூட்டுக்கும் போணும். அவரு இருந்தா போயிருப்பாரு இல்ல? இப்ப நான்தான் போணும்.”

அக்காவுக்கு மூட்டு வலி. வேனில் ஏற ஸ்டூல் வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஸ்டூல் போட்டு இறக்கி, தன் கணவர் சொல்லாத ஒரு வார்த்தைக்காக அவர் தலை குனிவதை நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைத் தடுக்கிற சாட்சி என்னிடம் இல்லை. என் வாய்ச்சொல்லை அக்காவே நம்பவில்லை. சாட்சி கடைக்காரரிடம் இருக்கிறது. வெட்டாத வீடியோ அவருடைய செல்போனில் இருக்கிறது.

நான் கடைக்குப் போய்க் கேட்டேன். “தம்பி, அண்ணன் மேல இருக்கிற மரியாதைக்காகத்தான் போட்டோவே போட்டேன்” என்றார். வீடியோவைக் கேட்டேன். பழைய போனில் போயிற்று என்றார். கமெண்ட்டில் எழுதினேன். அழித்துவிட்டார். மறுபடி எழுதினேன். கமெண்ட்டையே மூடிவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைக்காரரே, எனக்குப் போன் போடாதீர்கள். ஆள் விட்டுப் பேசாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் சேனலில் வந்து உட்காருங்கள். அந்த வீடியோவை முழுசாகப் போடுங்கள். அதில் அவர் கையில் இருந்தது என்ன? உங்கள் மேஜை மேல் அடி பிளந்த பூட்ஸை வைத்தது யார்? இன்னொரு ஜோடி கேட்டபோது ஏன் கொடுக்கவில்லை? அதே பூட்ஸ் இன்னும் எத்தனை பேர் காலில் இருக்கிறது? ஊரப்பாக்கம் சார் பார்க்கட்டும், வாங்கினவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். அக்காவும் பார்ப்பார், அவர் எப்படியும் உங்கள் சேனலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதில் சொல்லுங்கள்: ஞாயிற்றுக்கிழமை அந்த வாசல்களில் போய் நிற்க வேண்டியது அக்காவா, நீங்களா?